அண்ணன் கேட்ட ரேடியோ, அவர்கள் ஒளித்த டிவி: அல்பேனியாவில் ஆறு நாள்

அக்டோபர் 5, 2024, சனி – துரெஸ், திரானா

இத்தாலியில் பாரி என்கிற ஊரில் மகள் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்தில், "எதிர்க்கரையில் அல்பேனியாம்மா, ராத்திரி கப்பல் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம், போவோமா?" என்றாள். அந்தப் பேரைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. உடனே எனக்கு ஞாபகம் வந்தது என் ஆறாம் வகுப்பு நோட்டுகளின் அட்டை.

கும்பகோணத்தில் அண்ணனுக்குச் சிற்றலை வானொலி பைத்தியம். ரேடியோவில் எந்த நாடு கிடைத்தாலும் குறித்துவைத்துக்கொண்டு அந்த நிலையத்துக்குக் கடிதம் போடுவான். மாஸ்கோ, பெய்ஜிங், திரானா என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் பதிலுக்கு அட்டையும் புத்தகமும் வரும். எங்கள் ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுக்கு 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழத் தாள்தான் அட்டை. என் நோட்டுக்கு மட்டும் 'நியூ அல்பேனியா'. சிரிக்கும் பெண்கள், சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய பிள்ளைகள், பெரிய பெரிய தக்காளி. அல்பேனியாவில் எல்லாரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

கப்பலில் தூக்கமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தே வந்து, இடுப்பு விட்டுப்போய் துரெஸில் இறங்கினோம். பசி. துறைமுகத்துக்கு வெளியே ஒரு பெண் புரெக் விற்றுக்கொண்டிருந்தார். மெல்லிய மாவை அடுக்கடுக்காக வைத்து, நடுவில் பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்துச் சுடுவது. விலை கேட்டதற்கு ஐந்நூறு என்றார். இங்கே லெக் கிட்டத்தட்ட நம் ரூபாய் மாதிரிதான், ஒரு துண்டுக்கு ஐந்நூறா என்று மனசு பதைத்தாலும் பசியில் நீட்டிவிட்டேன். அந்த அம்மாள் நோட்டை வாங்கிப் பார்த்து, 450 திருப்பிக் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். விலை 50 லெக்தான். 1965இல் நாணயத்தை மாற்றி பழைய பத்து லெக்கைப் புதிய ஒரு லெக் ஆக்கினார்களாம். ஏறக்குறைய அறுபது வருஷம் ஆகியும் வாய் பழைய கணக்கையே சொல்கிறது. நான் வெளியூர்க்காரி, கேட்டதைக் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொண்டிருக்கலாம். வைத்துக்கொள்ளவில்லை.

திரானாவுக்கு ஃபுர்கோனில் வந்தோம். நம் ஊர் ஷேர் ஆட்டோவைக் கொஞ்சம் பெரிசாக்கின வேன், ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். மதியச் சாப்பாட்டுக்கு தவே கோசி, ஆட்டுக்கறியைத் தயிரில் சுட்டது. புளிப்பும் உப்புமாக, நன்றாகவே இருந்தது. முதலில் போன கடையில் சாப்பாடு இருக்கிறதா என்று கேட்டோம், பரிமாறுகிறவர் தலையை இடமும் வலமும் ஆட்டினார். சரி, இல்லை போலிருக்கிறது என்று வெளியே வந்தால் பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடிக்காத குறையாக உட்கார வைத்தார். இங்கே பழைய ஆட்கள் 'ஆமாம்' சொல்வது அப்படித்தானாம்.

அக்டோபர் 6, ஞாயிறு – திரானா

காலையில் இலைகளின் வீடு. செடி படர்ந்த இரண்டு மாடிக் கட்டடம், ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்கு எதிரே. 1931இல் பிரசவ ஆஸ்பத்திரியாகக் கட்டினது. போர்க்காலத்தில் ஜெர்மன் ரகசியப் போலீஸ் எடுத்துக்கொண்டது, பிறகு கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவின் ரகசியப் போலீஸான சிகுரிமி. நாட்டு மக்களின் போனையும் வீட்டையும் ஒட்டுக்கேட்ட தலைமையிடம் இதுதான். 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நுழைவு 700 லெக், படம் எடுக்கக் கூடாது. வரிசையாக டேப் ரெக்கார்டர், காதில் மாட்டுகிற ஹெட்போன்கள், மரச்சாமானுக்குள் பதிக்கிற மைக். குழந்தை பிறந்த அறைகளில் அதைச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஹோஜா 1944இலிருந்து 1985இல் சாகிறவரை ஆண்டார். ஆட்சி அதற்கப்புறமும் ஆறு வருஷம் ஓடியது. முதலில் யுகோஸ்லாவியாவோடு சண்டை, பிறகு சோவியத்தோடு, 1978இல் சீனாவோடும் முறிந்து, நாடே தனியாக உட்கார்ந்துவிட்டது. 1967இல் தேவாலயம் மசூதி எல்லாவற்றையும் மூடினார்கள். தண்டனைச் சட்டத்தில் 55ஆம் பிரிவு, 'கிளர்ச்சியும் பிரச்சாரமும்'. ரொட்டி சரியில்லை என்று வரிசையில் நின்று முணுமுணுத்தாலே அதில் வரும், மூன்றிலிருந்து பத்து வருஷம். பிரச்சாரம் செய்வது முழுநேர வேலையாக இருந்த ஒரு அரசு, பிரச்சாரம் என்ற பேரிலேயே ஆளைப் பிடித்து உள்ளே போட்டிருக்கிறது.

1972 டிசம்பரில் டிவியில் 11ஆவது பாட்டுத் திருவிழா. பாடகர்கள் கொஞ்சம் இத்தாலிய பாணியில் உடுத்தி ஆடிப் பாடினார்கள், அவ்வளவுதான். ஹோஜாவுக்குக் கோபம் வந்தது. வானொலி-தொலைக்காட்சித் தலைவராக இருந்த தோடி லுபோன்யாவின் பதவி போய், பின்னால் சிறைக்கும் போனார். அவர் மகன் ஃபாதோஸ் ஒளித்து வைத்திருந்த நாட்குறிப்பு போலீஸ் கையில் கிடைத்தது. 1974இல் பிடித்தார்கள், வெளியே வந்தது 1991இல். நாட்குறிப்பில் தொடங்கிப் பதினேழு வருஷம். இதை நான் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன், கை கொஞ்சம் நிற்கிறது.

சாயங்காலம் பிரமிடு ஏறினோம். ஹோஜா இறந்து மூன்று வருஷத்தில், 1988இல், அவருக்காகக் கட்டின அருங்காட்சியகம். ஆட்சி போனபின் ஊர்ப் பிள்ளைகள் அதன் சரிவில் சறுக்கு விளையாடினார்கள். இப்போது படி வைத்து, உள்ளே பிள்ளைகளுக்கு கணினி சொல்லித் தருகிறார்கள். அங்கிருந்து இறங்கி நடந்தால் அன்னை தெரசா சதுக்கம். அவர் அம்மாவும் அக்காவும் இந்த ஊரில்தான் இருந்தார்கள், பார்க்க வர அவருக்கு அனுமதி கொடுக்கவில்லை. அம்மா 1972இல் போய்விட்டார், அக்கா அடுத்த வருஷம். அவர் உள்ளே வர முடிந்தது 1989இல், இரண்டு பேருமே இல்லாத வீட்டுக்கு.

அக்டோபர் 7, திங்கள் – பெராத்

பஸ்ஸில் இரண்டரை மணி நேரம், வழியெல்லாம் மழை. பெராத்தில் தெரு முழுக்க வழவழக் கல் பாவியிருக்கிறது, ஈரத்தில் கால் நிற்கவே இல்லை. கோட்டைக்கு ஏறும் வழியில் என் செருப்பின் அடிப்பாகம் பிய்ந்து தொங்கியது. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் பார்த்துவிட்டு உள்ளே போய், சணல் கயிறு கொண்டுவந்து, குனிந்து அவரே என் காலோடு சேர்த்துக் கட்டினார். எண்பது வயதிருக்கும். நான் காலை இழுத்துக்கொண்டேன், விடவில்லை. அப்புறம் ஒரு கைப்பிடி அத்திப்பழம்.

மேலே போய் நின்றதும் எதிரே ஷ்பிராக் மலை. மேகம் விலக அரை மணி காத்திருந்தோம். 1968இல் இளைஞர்களை ஏற்றி, அந்த மலைச் சரிவில் ஹோஜாவின் முதல் பேரை ராட்சதக் கல்லெழுத்தாக அடுக்கவைத்தார்கள், ஒவ்வொரு எழுத்தும் நூறு மீட்டருக்கு மேல் உயரம். தொண்ணூறுகளில் ராணுவத்தை விட்டு அழிக்கப் பார்த்தும் முழுசாகப் போகவில்லை. 2012இல் அர்மாந்தோ லுலாய் என்ற கலைஞர் ஊர்க்காரர்களோடு ஏறி, முதல் இரண்டு எழுத்தை இடம் மாற்றிவிட்டார். 'என்வர்' இப்போது ஆங்கிலத்தில் 'நெவர்'. ஒருக்காலும் கிடையாது. மகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு, இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் காலையில் பல் தேய்க்க வெளியே வந்தால் தினமும் அதைத்தானே பார்த்திருக்கும் என்று தோன்றியது. டிவியை அணைக்கலாம், பேப்பரை மடித்து வைக்கலாம். மலையை என்ன செய்வது?

புதுச் செருப்பு 1,800 லெக். இந்த முறை புதுக் கணக்கா பழைய கணக்கா என்று கேட்டுத்தான் கொடுத்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய் – வ்லோர

இந்தப் பயணத்தில் நான் எதிர்பார்க்காதது எல்லாம் இங்கேதான் நடந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தங்கின விடுதி ஒரு வீட்டின் மாடி. வீட்டுக்கார அம்மாள் 1968இல் பிறந்தவர், என் வயதுதான். போனதும் ஒரு தட்டில் தண்ணீர், சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைப் பாகில் ஊறின வாதுமைக்கொட்டை, கரண்டியோடு. அதைச் சாப்பிட்டு முடித்தால்தான் அறைச் சாவி. ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, எங்களுக்கு அல்பேனிய மொழி தெரியாது. மகள் தயங்கித் தயங்கி இத்தாலியனில் ஏதோ கேட்டாள். அவ்வளவுதான், அந்த அம்மாள் மடை திறந்த மாதிரி இத்தாலியனில் பேச ஆரம்பித்துவிட்டார். எங்கே படித்தீர்கள் என்று மகள் கேட்டாள்.

"எங்கேயும் படிக்கவில்லை. எட்டு வயதில் திருடினது."

இங்கிருந்து கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அவர்கள் டிவி காற்றிலேயே வந்துவிடும், பிடிக்க ஒரு கருவி வேண்டும். அதைக் கானோச்சே என்பார்கள். அலமாரிக்கு மேலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கித் திறந்து காட்டினார். பழைய தகர டின் ஒன்று, மேல்மூடி வெட்டியது. உள்ளே செம்புக் கம்பி விரற்கடை அளவுக்குச் சுருட்டி வைத்திருக்கிறது, இரண்டு டிரான்சிஸ்டர், ஈயம் உருகி வழிந்து உறைந்த இடத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை பதிந்த மாதிரி ஒரு தடம். "அப்பாவுடையது" என்றார். பக்கவாட்டில் போன வயர் முனையில் துணி சுற்றியிருந்தது, மேலே கூரையில் மழையில் நனையாமலிருக்க. என் கையில் கொடுத்தார். ஒன்றுமே எடை இல்லை.

ராத்திரி எல்லாரும் படுத்தபின் அப்பா கூரைக்குப் போய் ஆன்டெனாவை மேற்கே திருப்புவாராம், விடிவதற்குள் மறுபடி திரானா பக்கம். ஜன்னலுக்குக் கம்பளி, ஒலி இல்லை என்கிற அளவுக்குக் குறைத்து எல்லாரும் டிவிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்காருவார்கள். அவர்களுடைய டிவியோ மாலையில் சில மணி நேரம் ஓடும்: தொழிற்சாலை, அறுவடை, மாநாடு, கைதட்டல். நகைச்சுவைக்கு வெளிநாட்டுக்காரர் என்றால் இங்கிலாந்து நடிகர் நார்மன் விஸ்டம். முதலாளியிடம் மாட்டிக்கொண்டு முழிக்கிற தொழிலாளி வேஷம் என்பதால் அவருக்கு அனுமதி. "அவர் படத்தை முப்பது தடவை பார்த்திருப்பேன், இன்னும் பிடிக்கும்."

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் படம் வரையும் நேரம். இவர் தன்னை மறந்து ஒரு ராகத்தை முணுமுணுத்திருக்கிறார், இத்தாலிய டிவியில் வந்த ஏதோ சாக்லேட் விளம்பரத்துப் பாட்டு. டீச்சர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் பக்கத்தில் நின்றுவிட்டார். வகுப்பு முழுக்க அமைதி. டீச்சர் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற குரலில், "இது உன் பாட்டி சொல்லிக்கொடுத்த தாலாட்டுதானே?" என்றாராம். ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார். "நல்ல தாலாட்டு. இதை வீட்டிலேயே பாடு."

"வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை. சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது, அது இத்தாலி டிவிப் பாட்டுதான் என்று டீச்சருக்கு எப்படித் தெரிந்தது?"

சொல்லிவிட்டு எழுந்து காபி போடப் போனார். மகள் மொழிபெயர்த்து முடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அக்டோபர் 9, புதன் – வ்லோர

கடலோரம் நடந்தோம். வெயில் வந்துவிட்டது, ஆனால் காற்று ஈரம். சாயங்காலம் ஊரே தெருவில் இறங்கி நடக்கிறது, ஜிரோ என்கிறார்கள். வீட்டுக்கார அம்மாளும் நல்ல சட்டை மாற்றிக்கொண்டு எங்களோடு வந்தார். என்னை 'மோத்ரா' என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார், சகோதரி என்று அர்த்தம்.

நேற்று கேட்கத் தயங்கினதை இன்று கேட்டேன். வீட்டில் ராத்திரி இத்தாலி பார்த்த பிள்ளைகள் பகலில் எதை நம்பினீர்கள்? பதில் உடனே வரவில்லை. பாலகர்களுக்கு 'ஃபாதோசி', கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு 'பியோனியரி' என்று பத்திரிகைகள் வரும். எல்லாவற்றிலும் ஜாஜி என்வர், என்வர் மாமா. (எங்களுக்கும் நேரு மாமா இருந்தார் என்றேன். அவர் சிலையை நீங்களே இடித்தீர்களா என்றார். இல்லை என்றேன்.) 1985 ஏப்ரல் 11 அன்று ரேடியோவில் சோகப் பாட்டாகவே வந்ததாம். இவருக்குப் பதினேழு வயது. பள்ளி வாசலில் எல்லாரும் அழுதார்கள்.

"நானும் அழுதேன், மோத்ரா. நடிக்கவில்லை. சொந்த அப்பா செத்த மாதிரி அழுதேன். அன்று ராத்திரி அப்பா கூரைக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்பினார், இத்தாலிச் செய்தியில் இவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க. அதையும் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டும் நான்தான்."

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. நெருக்கடி நிலைக் காலம், 1976 ஜனவரி 31ஆம் தேதி தமிழ்நாட்டில் ஆட்சியைக் கலைத்தபின், அவர் அரசாங்கப் பள்ளி வாத்தியார் என்பதால், பிபிசி தமிழோசை போடும்போது ரேடியோ சத்தத்தைக் குறைத்து, எழுந்து போய் வாசல் கதவைச் சாத்துவார். எட்டு வயதில் அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை, கதவு சாத்தினால் செய்தி என்று மட்டும் தெரியும். இதைச் சொன்னேன். எவ்வளவு நாள் என்று கேட்டார். அடுத்த வருஷம் தேர்தல் வந்துவிட்டது என்றேன். "நல்லது" என்று என் கையைத் தட்டினார். அவர்களுக்கு அது நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல், இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். கதவு சாத்துகிற சத்தம் மட்டும் ஒன்றுதான்.

அப்புறம்தான் நோட்டு அட்டை கதையைச் சொன்னேன். அண்ணன், சிற்றலை, ரேடியோ திரானாவுக்கு எழுதின கடிதம். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். மகளைப் பார்த்து, மறுபடி சொல்லச் சொன்னார்.

அவர்கள் ரேடியோவிலும் பேப்பரிலும் அடிக்கடி வருமாம்: உலகம் முழுக்க நம் குரலைக் கேட்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கடிதம், இந்தியாவிலிருந்து கடிதம். 1991க்குப் பிறகு எல்லாப் பொய்யும் ஒவ்வொன்றாக வெளியே வந்தபோது, இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டாராம். அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ எழுதின கடிதம், இல்லாத ஊர், இல்லாத ஆள். "இந்தியாக்காரன் எதற்கு எங்களைக் கேட்கப்போகிறான்?"

நடுத்தெருவில் நின்று வாட்ஸ்அப்பில் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே இரவு பத்து மணி தாண்டியிருந்தது, லுங்கியோடு வந்து நின்றான், அறுபத்திரண்டு வயது, முன்தலையில் முடியில்லை. விஷயத்தைச் சொன்னதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த நிலையத்தின் அறிவிப்பு இசையை, ஒரு அணிவகுப்புப் பாட்டின் முதல் அடியை, விசிலில் பிசிறில்லாமல் அடித்தான். நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் அடியை அவரும் சேர்ந்து முணுமுணுத்தார். தெருவில் போன ஒரு வயதான தம்பதி சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள், முகம் மாறியது, நிற்காமல் போய்விட்டார்கள்.

அக்டோபர் 10, வியாழன் – துரெஸ், கப்பல்

கிளம்பும்போது ஒரு பாட்டில் பாகு வாதுமை கொடுத்தார். காசு வாங்கவே மாட்டேன் என்றார்.

ஃபுர்கோன் டிரைவருக்கும் இத்தாலியன், அதுவும் டிவி இத்தாலியன். எங்கே போகிறோம் என்று கேட்டு, பாரி என்றதும் ஸ்டியரிங்கைத் தட்டினார். 1991 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், 'வ்லோரா' கப்பலில் போனவர். கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றிக்கொண்டு துரெஸுக்கு வந்த சரக்குக் கப்பல். கூட்டம் கூட்டமாக ஏறி, கேப்டனை இத்தாலிக்கு விடச் சொன்னார்கள். கிட்டத்தட்ட இருபதாயிரம் பேர். கொடிமரத்தில், கயிற்றில், எங்கெல்லாம் கை வைக்க முடியுமோ அங்கெல்லாம் ஆள். தண்ணீர் கிடையாது, சர்க்கரை மட்டும் இருந்தது. ஆகஸ்ட் 8 அன்று பாரியில் இறங்கினவர்களை விளையாட்டு மைதானத்தில் அடைத்து, முக்கால்வாசிப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். இவரையும்தான்.

"டிவியில் பூனைக்கு வெள்ளித் தட்டில் சாப்பாடு வைத்தார்கள், சினோரா. பூனைக்கே இப்படியென்றால் மனுஷனுக்கு எப்படி என்று நினைத்தோம். அது விளம்பரம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் டிவி பொய் என்று தெரியும், அதனால் அந்த டிவி நிஜம்."

துரெஸில் மீன் வறுவலுக்கு 900 லெக், மீன் கொஞ்சம் பழசு, சாப்பிட முடியவில்லை. கப்பல் மூன்று மணி நேரம் தாமதம், ஏன் என்று யாரும் சொல்லவில்லை, உட்கார நாற்காலியும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பையன் தன் பெட்டியைப் படுக்கவைத்து என்னை அதில் உட்காரச் சொன்னான்.

கப்பல் கரையை விட்டபின் அண்ணனிடமிருந்து போட்டோ வந்தது. காலையிலிருந்து பரண் ஏறித் தேடியிருக்கிறான். ஒரே ஒரு நோட்டுதான் மிஞ்சியிருக்கிறதாம், செல்லரித்த ஓரம், அட்டையில் பசை காய்ந்து தாள் பாதி எழும்பி நிற்கிறது. நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தபடி சிரிக்கும் பெண் அதில் இல்லை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே வரிசையாகத் தக்காளிச் செடி, தூரத்தில் முகம் தெரியாத இரண்டு பேர்.

மகள் அதை வ்லோர அம்மாளுக்கு அனுப்பினாள். இரண்டு நிமிஷத்தில் பதில். தக்காளியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. உள்ளே என்ன எழுதியிருக்கிறாய், மோத்ரா, என்று கேட்டிருந்தார். அண்ணனைக் கேட்டேன். முதல் பக்கத்தைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினான், ஆறாம் வகுப்பு, பூகோளம், கங்கைச் சமவெளி, சிவப்பு மையில் பத்துக்கு ஏழு. மகள் வரிவரியாக இத்தாலியனில் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். பாதியில் சிக்னல் போய்விட்டது.